மேஷ்டு பொட்டேட்டோ ஏன் பசையாகிறது? முதலில் மிக்ஸியை ஓரமாக வையுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: கனடாவில் வளர்ந்த மருமகன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறார். அவருக்காக வறுத்த கோழியும், பக்கத்தில் வைக்க மேஷ்டு பொட்டேட்டோவும் ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். கிழங்கைத் தண்ணீரில் போட்டு குக்கரில் 5 விசில், தோலுரித்து, ஃப்ரிட்ஜில் இருந்த பாலை ஊற்றி மிக்ஸியில் ஒரு சுற்று. வந்தது மசியல் இல்லை, சுவரொட்டி ஒட்டுகிற பசை. போதாக்குறைக்கு லேசான தித்திப்பு வேறு. தப்பு எங்கே, வெண்ணெய் எவ்வளவு போடுவது, முதல் நாளே செய்து வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

பசைக்குக் காரணம் மிக்ஸி. தித்திப்புக்குக் காரணம் கிழங்கு எங்கே படுத்திருந்தது என்பது. இரண்டையும் சரிசெய்துவிடலாம், கவலைப்படாதீர்கள். இதே தப்பை நான் 40 கிலோ கிழங்கில் செய்திருக்கிறேன்.

பயணிகள் கப்பலொன்றின் சமையலறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் காய்கறிப் பகுதி. அதாவது பெரும்பாலும் உருளைக்கிழங்கு. ஒரு மதியம் ஆள் குறைவு, நேரமும் குறைவு. வழக்கமாக அச்சில் பிழிகிற கிழங்கை, மாவு பிசைகிற பெரிய இயந்திரத்தில் கொட்டி வேகமாகச் சுற்றவிட்டேன். இரண்டே நிமிடத்தில் வெள்ளையாக, பளபளவென்று, ஒரே சீராக வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. தலைமைச் சமையல்காரர் வந்தார், ஒரு கரண்டியை உள்ளே விட்டுத் தூக்கினார். கரண்டியோடு சேர்ந்து மொத்தமும் எழுந்து வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் சுவரில் இருந்த அன்றைய மெனு தாளை உரித்து, பின்பக்கம் அதைத் தடவி, திரும்ப ஒட்டிவிட்டுப் போனார். அந்தத் தாள் மூன்று நாள் விழவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். கிழங்கின் சதை கோடிக்கணக்கான சின்னப் பைகளால் ஆனது. செல் என்று பள்ளியில் படித்தது. ஒவ்வொரு பைக்குள்ளும் மாவுச்சத்து மணிமணியாக இருக்கிறது. சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது அந்த மணிகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. சூடு இன்னும் ஏறி கிழங்கு வேகும்போது, பையையும் பையையும் ஒட்டிவைத்திருந்த பெக்டின் இளகிவிடுகிறது. அப்போது லேசாக அழுத்தினாலே பைகள் ஒன்றை விட்டு ஒன்று பிரியும், ஆனால் பை கிழியாது. வாயில் போட்டால் பஞ்சு மாதிரி இருக்கிற மசியல் என்பது இப்படி முழுசாகப் பிரிந்த பைகளின் குவியல்தான். மிக்ஸி பிளேடு என்ன செய்கிறது? பைகளை வெட்டுகிறது. உள்ளே இருந்த கூழ் வெளியே வந்து எல்லாவற்றையும் ஒட்டிவிடுகிறது. நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்தால் போதும், நெல்லிக்காயை நசுக்கக் கூடாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

இனி கிழங்கு. மசியலுக்கு வேண்டியது வெந்ததும் மாவாக உதிர்கிற ரகம். குருமாவில் போட்டாலும் உடையாமல் துண்டு துண்டாகவே நிற்கிறதே, அந்த ரகம் இதற்கு ஆகாது. அது மசியாது, மசித்தால் வழவழக்கும். மருமகன் வீட்டில் அநேகமாக யூகான் கோல்டு என்ற ரகத்தில் செய்திருப்பார்கள். கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1980-இல் வெளிவந்தது. மஞ்சள் நிறம், வெண்ணெய் போடுவதற்கு முன்பே வெண்ணெய் போட்ட மாதிரி இருக்கும். அமெரிக்காவில் ரஸட், இங்கிலாந்தில் மாரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட்.

நம் கடையில் ரகம் பெயர் சொல்லி யாரும் விற்பதில்லை. ஆனால் பெயர் உண்டு. இந்தியாவில் அரசு வெளியிட்ட ரகங்களின் பெயரில் முன்னால் 'குஃப்ரி' என்று வரும். சிம்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற மலையூர் அது, சிம்லாவில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் வைத்த பெயர்கள். 1968-இல் வந்த குஃப்ரி ஜோதி இன்றும் பரவலாக விளைகிறது. சிப்ஸ் தொழிலுக்கென்றே 1998-இல் குஃப்ரி சிப்ஸோனா வந்தது. தண்ணீர் குறைவு, சர்க்கரை குறைவு, மாவு அதிகம். சிப்ஸுக்கு நல்லதெல்லாம் மசியலுக்கும் நல்லது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் 'சிப்ஸ் உருளை' என்று தனியாக வைத்திருந்தால் அதையே எடுங்கள். குஃப்ரி புக்ராஜ் மஞ்சளாக அழகாக இருக்கும், ஆனால் தண்ணீர்ச்சத்து அதிகம். அதை மசாலா தோசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெயர் தெரியாத கிழங்குக்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஒரு டம்ளர் தூள் உப்பை 11 டம்ளர் தண்ணீரில் நன்றாகக் கரையுங்கள். கிழங்கைக் கழுவிவிட்டு உள்ளே விடுங்கள். மூழ்கினால் மாவுக் கிழங்கு, மிதந்தால் தண்ணீர்க் கிழங்கு. மாவுச்சத்து தண்ணீரைவிட கனமானது என்பதுதான் இதன் கணக்கு. ஒரே கிலோவில் நாலு மூழ்கும், இரண்டு மிதக்கும். மிதந்ததை எடுத்து மறுநாள் பொரியல் செய்யுங்கள். ஊட்டிக் கிழங்கு என்று செம்மண் ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து வாங்குவதைவிட இந்த உப்புத் தண்ணீர் நம்பகமானது. தோல் நகம் பட்டாலே உரிகிற புதுக் கிழங்கும் வேண்டாம். பச்சை ஓடிய கிழங்கு எதற்குமே வேண்டாம்.

தித்திப்புக்கு வருவோம். கிழங்கு மிகுந்த குளிரில் கிடந்தால் தன் மாவுச்சத்தில் கொஞ்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. வடக்கே ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடையாகிற கிழங்கு மாதக்கணக்கில் குளிர்பதனக் கிடங்கில் இருந்துவிட்டுத்தான் வருடம் முழுக்க நமக்கு வருகிறது. அப்படி வந்ததாக இருக்கலாம், அல்லது நீங்களே ஃப்ரிட்ஜில் வைத்திருக்கலாம். வாங்கியதும் ஒரு சணல் பையிலோ மூங்கில் கூடையிலோ வெளிச்சம் படாத இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் வையுங்கள். அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு திரும்பவும் மாவாகும், ஒரு பங்கு கிழங்கு சுவாசிப்பதிலேயே தீர்ந்துபோகும். எனவே கிழங்கை டிசம்பர் 24 மாலை வாங்காதீர்கள். 15-ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள்.

வேகவைக்கும் முறையில் எனக்கு நீண்டகாலக் கருத்து வேறுபாடு ஒன்று உண்டு. மேல்நாட்டுச் சமையல்காரர்கள் துண்டு போட்டுத் தண்ணீரில் வேகவைப்பார்கள். குளிர்ந்த தண்ணீரிலேயே கிழங்கைப் போட்டு, லிட்டருக்கு ஒன்றரை தேக்கரண்டி உப்பும் சேர்த்து, பிறகு அடுப்பை ஏற்றுவார்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் மேல்புறம் குழைந்து உள்ளே வேகாமல் நிற்கும் என்பதால் அப்படி. அது சரியான முறைதான். ஆனால் நம் வீட்டில் இட்லிப் பானை இருக்கும்போது எதற்குத் தண்ணீரில் முக்குவது? தோலோடு, பெரிய கிழங்கென்றால் இரண்டாக நறுக்கி, இட்லித் தட்டுக்குப் பதில் துளைத் தட்டில் அடுக்கி ஆவியில் வேகவிடுங்கள். 25, 30 நிமிடம். கத்தி முனை வெண்ணெயில் போவது போல் இறங்கினால் ஆயிற்று. குக்கர்தான் வேண்டும் என்றால் தண்ணீர் அடியில் மட்டும், கிழங்கு மேலே தனிப் பாத்திரத்தில், தண்ணீர் ஊற்றாமல். கிழங்குக்குள் எவ்வளவு குறைவாகத் தண்ணீர் போகிறதோ அவ்வளவு பாலும் வெண்ணெயும் பிறகு உள்ளே போக இடம் இருக்கும்.

கிழங்கு வேகவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது என்பது உங்களுக்குத் தெரியும். அதே சங்கதிதான் இங்கேயும்: தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச்சத்து பெக்டினை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. புளிப்பும் அதே வேலையைச் செய்யும், அதனால் மோரோ தயிரோ சேர்ப்பதாக இருந்தால் வெந்து மசித்த பிறகுதான்.

வெந்ததும் சூடு ஆறுவதற்குள் தோலை உரிக்க வேண்டும். கை சுடும். ஒரு துணியில் பிடித்துக்கொண்டு உரியுங்கள். ஆறவிட்டு மசித்தால் உள்ளே கூழ் இறுகத் தொடங்கிவிடும். அப்புறம் பலமாக நசுக்க வேண்டிவரும், பைகள் கிழியும், பழைய கதைதான்.

எதில் மசிப்பது? இங்கேதான் நமக்கு ஓர் அனுகூலம். மேல்நாட்டு ஓட்டல்களில் ரைசர் என்று ஒரு கருவி வைத்திருப்பார்கள். வெந்த கிழங்கை உள்ளே வைத்து அழுத்தினால் சின்னத் துளைகள் வழியாக அரிசி மணி மாதிரி விழும், அதனால்தான் அந்தப் பெயர். கப்பலில் முதன்முதலாக அதைக் கையில் கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடியாப்ப அச்சேதான்! நாழி, உழக்கு, குழல் என்று ஊருக்கு ஒரு பேர் வைத்திருக்கிறோமே, அதே சாமான். நீங்களும் இடியாப்பத் தட்டைப் போட்டு, சுடச்சுடக் கிழங்கை உள்ளே வைத்து, ஒரே அழுத்தாக நேராகப் பிழியுங்கள். மரத்தில் இரண்டு கைப்பிடியோடு வருகிற பழைய அச்சு இன்னும் நல்லது. நூல் நூலாக விழுவதைப் பார்த்தாலே தெரியும், வெட்டுமில்லை, அரைப்புமில்லை, பிரித்தல் மட்டுமே. திருகு வைத்த முறுக்குக் குழலும் பரவாயில்லை, கொஞ்சம் கை வலிக்கும். அச்சு இல்லையென்றால் கீரை மத்து இருக்கிறது. மேலிருந்து கீழே குத்தி எடுங்கள், கடையாதீர்கள். கீரையைக் கடைவது போல் சுழற்றினால் அதுவும் ஒரு சின்ன மிக்ஸிதான்.

பிழிந்ததை அடிகனமான பாத்திரத்தில் போட்டு, சின்னத் தீயில் மரக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் புரட்டுங்கள். ஆவி குப்பென்று எழும். அது தணிந்து, பாத்திரத்தின் அடியில் மெல்லிய வெள்ளைப் படலமாக மாவு ஒட்டத் தொடங்கும். அந்தப் படலம்தான் அடையாளம். தண்ணீர் போதுமான அளவு வெளியேறிவிட்டது, இனி வெண்ணெய் போடலாம். இந்த ஒரு படியைத்தான் வீடுகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

வெண்ணெய் எவ்வளவு என்று கேட்டீர்கள். பாரிஸில் ஜோயல் ரொபுஷோன் என்றொரு சமையல்காரர் இருந்தார், 2018-இல் காலமானார். 1980-களில் ஜமேன் என்ற அவருடைய உணவகம் மூன்று மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது, உணவகங்களுக்கு மிஷெலின் வழிகாட்டி தருகிற உச்ச மதிப்பு அது. அத்தனை உயர்ந்த இடத்தில் அவருக்குப் பெரும்பேர் வாங்கிக் கொடுத்த பதார்த்தங்களில் ஒன்று, சொன்னால் நம்ப மாட்டீர்கள், உருளைக்கிழங்கு மசியல். ரேட் என்கிற சின்ன, நீண்ட கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவைத்து, சுடச்சுட உரித்து, கையால் சுற்றுகிற அரைப்பானில் விட்டு, தீயில் உலர்த்தி, குளிர்ந்த வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பிறகு கொதிக்கிற பாலை நூலாக ஊற்றி, கடைசியில் நுண்ணிய சல்லடையில் தேய்ப்பார்கள். அவர் வெளியிட்ட செய்முறையில் ஒரு கிலோ கிழங்குக்குக் கால் கிலோ வெண்ணெய். ரேட் மாவாக உதிர்கிற ரகமும் இல்லை. நான் மேலே சொன்ன கிழங்கு விதியை அவர் மீறியிருக்கிறார் என்பது உண்மை. அவ்வளவு வெண்ணெயும் அந்தச் சல்லடையும் அத்தனை கைகளும் இருந்தால் நீங்களும் மீறலாம்.

கால் கிலோ வெண்ணெய் என்பது விருந்தில் இரண்டு கரண்டி வைத்துச் சாப்பிடுகிற பண்டத்துக்குச் சரி. வீட்டில் தட்டு நிறைய வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு கிலோவுக்கு 100 முதல் 125 கிராம் போதும். நாலு பேருக்கு 800 கிராம் கிழங்கு, 100 கிராம் வெண்ணெய், 150 முதல் 200 மில்லி முழுக்கொழுப்புப் பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை வெண்ணெய் பெரும்பாலும் உப்புப் போட்டது, அதனால் தனி உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். வீட்டில் எடுத்த வெண்ணெய் கொஞ்சம் புளித்திருந்தாலும் தயங்காதீர்கள், அந்த லேசான புளிப்பு இதற்குப் பொருந்தும். நெய் வேண்டாம். நெய்யின் மணம் முன்னால் வந்து நின்றுகொள்ளும், மசியல் பொங்கலுக்குத் தம்பி ஆகிவிடும்.

வரிசை முக்கியம்: முதலில் வெண்ணெய், பிறகு பால். கொழுப்பு முதலில் போய் மாவைப் பூசிக்கொண்டால் பிறகு ஊற்றுகிற பால் கூழாக்காது. பால் கொதிக்கச் சூடாக இருக்க வேண்டும். நீங்கள் ஊற்றியது குளிர்ந்த பால்; கிழங்கும் ஆறியது, மேலும் சுழற்ற வேண்டியும் வந்தது. பாலைக் காய்ச்சும்போதே இரண்டு பல் பூண்டைத் தட்டிப்போட்டு, பத்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டினால் பூண்டு வாசனை அடக்கமாக இறங்கும். பிரான்சில் ஜாதிக்காயை இரண்டு உரசு உரசிப் போடுவார்கள். மிளகுத்தூள் போடலாம். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாக, ஆனால் வேறொரு நாளைக்கு. அது வேறு பண்டம், நல்ல பண்டம். கோழி கிரேவிக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் சண்டை போடும்.

எவ்வளவு தளர்வாக இருக்க வேண்டும் என்பது பலரும் தடுமாறுகிற இடம். சைடு டிஷ் என்றதும் நமக்குத் தொட்டுக்கை நினைப்பு வந்துவிடுகிறது. காரம், புளிப்பு, மசாலா எல்லாம் தூக்கலாக இருந்து சோற்றை இழுத்துப் போக வேண்டிய பொறுப்பு அதற்கு உண்டு. மேஷ்டு பொட்டேட்டோவின் வேலை அதற்கு நேர் எதிர். அந்தத் தட்டில் அதுதான் சோறு. இறைச்சியும் கிரேவியும்தான் குழம்பு. அதனால்தான் தனியாக ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு 'சப்பென்று இருக்கிறதே' என்று மிளகாய்த்தூளைத் தேடுகிறோம். வெறும் சோற்றைத் தின்றுவிட்டு உப்பில்லை என்று சொல்வது போலத்தான் அதுவும்.

நெதர்லாந்தில் இதைத் தெளிவாகவே பார்க்கலாம். கிழங்கோடு கீரையோ கேரட்டோ சேர்த்து மசிக்கிற ஸ்டாம்பாட் அங்கே குளிர்கால வீட்டுச் சாப்பாடு. தட்டில் குவித்ததும் கரண்டியின் பின்பக்கத்தால் நடுவில் ஒரு குழி போட்டு, அதில் இறைச்சிச் சாறை ஊற்றுவார்கள்; அந்தக் குழிக்கு டச்சு மொழியில் தனிப் பெயரே உண்டு. அயர்லாந்தில் வெங்காயத்தாளைப் பாலில் வேகவைத்து மசியலில் கலந்து சாம்ப் என்பார்கள். நடுவில் குழி, குழியில் வெண்ணெய், ஓரத்திலிருந்து எடுத்து அந்த உருகிய வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நவம்பர் மாதம் நன்றி நவிலும் நாளில் அமெரிக்கக் குழந்தைகள் வான்கோழிக் கிரேவிக்கு அதே குழியைத்தான் தோண்டுகின்றன. கப்பலில் இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு எங்கள் வீட்டுப் பந்திதான் ஞாபகம் வரும். ரசம் ஊற்ற வருகிறவர் பக்கத்து இலையில் நிற்கும்போதே நாம் சோற்றில் பாத்தி கட்டிவிடுகிறோம் இல்லையா?

உங்கள் மசியல் சரியா என்று பார்க்கவும் அந்தப் பாத்திதான் சோதனை. தட்டில் ஒரு கரண்டி வைத்து நடுவில் குழி செய்து கிரேவியை ஊற்றுங்கள். கரை உடைந்து ஓடினால் பால் அதிகம். கிரேவி அப்படியே கண்ணாடி மேல் நிற்பது போல் தேங்கி, கரைக்குள் ஊறவே இல்லையென்றால் பசையாகிவிட்டது. கரை நிற்க வேண்டும், ஓரம் மெல்ல நிறம் மாறி ஊற வேண்டும். கோழியின் கிரேவி கெட்டியாக இருந்தால் மசியலைக் கொஞ்சம் தளர்வாக வையுங்கள். கிரேவி தண்ணீராக இருந்தால் மசியல் கெட்டியாக. உப்பும் அப்படியே. கிரேவியில் உப்பு தூக்கல் என்றால் இதில் குறையுங்கள்.

கிரேவியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது இல்லாமல் இந்த மசியலுக்கு அர்த்தமில்லை. கோழி வறுத்த தட்டில் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதிகப்படி கொழுப்பை வடித்துவிட்டு, ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி அடுப்பில் வாசனை வரும்வரை வறுத்து, இரண்டு டம்ளர் கோழி வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சுரண்டிக் கொதிக்கவிடுங்கள். ஐந்தாறு நிமிடம். வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் வெங்காய கிரேவி: மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, வெண்ணெயில், சின்னத் தீயில், 40 நிமிடம். அவசரப்படக் கூடாது. தேன் நிறம் வந்ததும் மைதா, காய்கறி வேகவைத்த தண்ணீர், ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், மிளகு. இங்கிலாந்தில் சாசேஜோடு இதைத்தான் மசியல் மேல் ஊற்றுவார்கள்.

முதல் நாளே செய்து வைக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். வெந்த மாவுச்சத்து ஃப்ரிட்ஜில் இறுகிப்போகும். பழைய சோறு விறைத்துப்போவது மாதிரிதான் இதுவும். மறுபடி சூடாக்கினாலும் பழைய மென்மை முழுசாக வராது. ஆனால் இரண்டு மணி நேரம் முன்னதாகச் செய்து வைப்பதில் தப்பே இல்லை, ஓட்டல்களில் அப்படித்தான். மசியலைப் பாத்திரத்தில் சமமாகப் பரப்பி, மேலே ஆடை படியாமல் இருக்க இரண்டு கரண்டி சூடான பாலை ஊற்றி, மூடி, சுடுதண்ணீர் இருக்கிற அகலப் பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் கொதிக்க வேண்டாம், ஆவி வந்தால் போதும். பரிமாறும்போது மேலே நிற்கிற பாலை மெதுவாக உள்ளே கலந்துவிடுங்கள்.

வெப்பமானி வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கிழங்கை அரை அங்குல வில்லைகளாக நறுக்கி, 70 டிகிரி சுடுநீரில் அரை மணி நேரம் வைத்திருந்து, எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் ஆறவிட்டு, அதன்பிறகு வழக்கம்போல் வேகவைப்பது. முதல் சூட்டில் உப்பிய மாவு, ஆறும்போது பைக்குள்ளேயே இறுகிக்கொள்கிறது. பிறகு ஓரிரண்டு பைகள் கிழிந்தாலும் கூழ் அவ்வளவாக வெளியே வராது. 1950-களில் அமெரிக்க வேளாண்துறையின் ஃபிலடெல்ஃபியா ஆய்வகத்தில், சுடுதண்ணீர் ஊற்றினால் உடனே மசியலாகிற காய்ந்த உருளைச் செதில் உண்டாக்கியபோது கையாண்ட உத்தி இது. பின்னாளில் பெரிய உணவகங்கள் எடுத்துக்கொண்டன. மாவில்லாத கிழங்கு மட்டுமே கிடைத்தால் முயன்று பாருங்கள். முதல் தடவைக்கு இது தேவையில்லை.

கடைசியாக ஒரு முரண்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது வந்து கேட்பார்கள். தெற்கு பிரான்சில் ஓப்ராக் என்ற மேட்டுநிலத்தில் அலிகோ என்று ஒரு மசியல் செய்கிறார்கள். வெந்த கிழங்கில் பூண்டும் வெண்ணெயும் இளம் பாலாடைக்கட்டியும் போட்டு, அடுப்பிலேயே வைத்து வலுவாக அடித்து அடித்து, கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கினால் துணி மாதிரி நீண்டு வருகிற பதத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே இழுவைதான் பெருமை. வங்காளிகள் வேறு பக்கம் போகிறார்கள்: வெந்த கிழங்கைக் கையாலேயே பிசைந்து, பச்சைக் கடுகெண்ணெய், வெங்காயம், மிளகாய் சேர்த்துச் சோற்றோடு வைத்துக்கொள்கிறார்கள். அங்கே அது அசல் தொட்டுக்கை, அதனால் அதற்குக் காரம் வேண்டும்.

அந்த அலிகோவை நினைத்துத்தான் சொல்கிறேன், பசையாகிப்போன முதல் தொகுதியைக் கொட்டிவிட வேண்டாம். பசையானதைத் திரும்ப மசியலாக்க முடியாது. பால் ஊற்றினால் தளர்ந்த பசையாகும், அவ்வளவுதான். துருவிய சீஸ் ஒரு கைப்பிடி, ஒரு முட்டை மஞ்சள் கரு, மிளகு சேர்த்து, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, முள்கரண்டியால் மேலே கோடு போட்டு, சூடான ஓவனில் வையுங்கள். கோடுகளின் முகடு பழுப்பானதும் எடுத்தால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே இழுவை. ஓவன் இல்லையென்றால் வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி போட்டு உருட்டித் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, தோசைக்கல்லில் கட்லெட்டாகச் சுடுங்கள். பால் சேர்ந்திருப்பதால் கையில் ஒட்டும், அதற்கு இரண்டு ஸ்பூன் அவலைப் பொடித்துப் போட்டுக் கால் மணி நேரம் விட்டால் இறுகிவிடும்.